ஏழு மணிக்கு அவன் இருந்த இடம்

பிப்ரவரி 20

இடது கையால் எழுதுகிறேன். நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது எழுத்து. நேற்று மாலை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் நானே ஆட்டோ பிடித்துப் போனேன். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 21

அழகுராஜா அண்ணன் காலையிலேயே சின்னமனூருக்கு வந்துவிட்டார். கையில் ஜிலேபிப் பொட்டலம். கட்டைப் பார்த்து, "என்னத்தா ஆச்சு?" என்றார். சொன்னேன். "பாத்து நடக்கக் கூடாதா" என்றதோடு அது முடிந்தது. அவருக்கு வேறு செய்தி சொல்ல வேண்டியிருந்தது.

"தெய்வேந்திரனத் தூக்கிட்டாய்ங்க. கொலக்கேசு."

தெய்வேந்திரன் என் கணவன். அதாவது கோர்ட் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவனை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. விவாகரத்து மனு நடக்கிறது. நாவல்பட்டியில் அவனுடைய திராட்சைத் தோட்டத்துக்கும் சுருளிவேல் என்பவரின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. அது யாருக்குச் சொந்தம் என்று இருவரும் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் மாலை அந்தப் பாதையிலேயே சுருளிவேலை அரிவாளால் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி பவுன்தாய் கண்ணால் பார்த்தாளாம். வெட்டியது தெய்வேந்திரன்தான் என்று சொல்லிவிட்டாளாம்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

"ஏழு மணி வாக்குல."

"ஏழா?"

"ஏழுதான். எதுக்குக் கேக்குற?"

சும்மா கேட்டேன் என்றேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒழிஞ்சான்த்தா. நாம கை வைக்காமயே ஒழிஞ்சான். இனி ஆயுசுக்கும் வெளிய வர மாட்டான்."

ஜிலேபி தின்றேன். இன்னொன்றும் தின்றேன். நன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 26

வேலைக்குப் போனேன். மருந்துக்கடையில் ஒற்றைக் கையோடு நிற்பது பெரிய இம்சை. அதைவிட இம்சை, பார்க்க வருகிற கூட்டம். ஒரு ஆள் தலைவலி மாத்திரை ஒன்றே ஒன்று வாங்கிவிட்டு நகராமல் நின்றார். என் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்தாரோ என்னவோ. வாசலில் ஒருத்தி, "கொலகாரன் பொண்டாட்டி இவதானா?" என்றாள். மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

மார்ச் 9

குருவம்மாள் வந்தாள். தெய்வேந்திரனின் அம்மா. நான் அவன் வீட்டில் இருந்த காலத்தில் என் பக்கம் ஒரு வார்த்தை பேசாதவள், இன்று படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஆத்தா, ஒனக்குத் தெரியும்ல. அன்னைக்கு அவன் இங்கதான வந்தான்?"

"யார் சொன்னா?"

"அவனே சொன்னான். ஜெயில்ல பாத்தப்பச் சொன்னான். ஒங்கிட்டப் பேசத்தான் வந்தானாம். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், விட்டுருவாய்ங்க."

"இங்க யாரும் வரல."

அவள் என் கட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எப்படி ஒடிந்தது என்று மட்டும் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 4

கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, யாருடைய கையோ போல இருக்கிறது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எப்படி விழுந்தேன் என்று மறுபடியும் கேட்டார்.

"வழுக்கி விழுறவங்க உள்ளங்கைய ஊனி விழுவாங்கம்மா. அது ஒரு மாதிரி ஒடியும். இது முறுக்குன மாதிரி ஒடிஞ்சிருக்கு. அன்னைக்கு வந்தப்ப மணிக்கட்டச் சுத்தி விரல் பதிஞ்ச மாதிரிக் கன்றலும் இருந்துச்சு. நான் எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"நான் அப்படித்தான் விழுந்தேன்" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கச் சொன்னார்.

ஏப்ரல் 5

தோசை திருப்ப வரவில்லை. இட்லியே போதும்.

மே 17

கடைக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கறுப்புக் கோட்டு கையில் தொங்கியது. மற்ற ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"என் பேரு மெஹராஜ் பேகம். உத்தமபாளையம். தெய்வேந்திரனுக்கு நான்தான் வக்கீல்."

"என்ன மருந்து வேணும்?"

"உங்களுக்கு நான் எதிரி இல்லம்மா."

"அவனுக்காக வர்ற எல்லாரும் எனக்கு எதிரிதான்."

அவள் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. ஒரு கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தி சொல்கிறாள், செத்தவனின் மனைவி, பொய் சொல்லக் காரணம் இல்லாதவள். வேறு ஊரில் இருந்தேன் என்று இவன் சொல்கிறான். அப்படி இருந்தேன் என்று காட்ட வேண்டியது இவன் பொறுப்பு. இவன் வண்டி வந்ததையும் போனதையும் பார்த்தவர்கள் யாருமில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தானாம். கோர்ட்டில் கண்ணால் பார்த்த சாட்சிக்கு இருக்கிற எடை வேறு எதற்கும் இல்லை.

"அப்ப ஆயுள் தண்டனைதான?" என்றேன்.

"பெரும்பாலும்."

"கிடைக்கட்டும்."

"சரிம்மா. நான் உங்களுக்குச் சம்மன் அனுப்ப மாட்டேன். மனசில்லாத சாட்சியக் கூண்டுல ஏத்துனா அது எனக்கே எதிராத் திரும்பும்." போகும்போது தன் பெயர் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போனாள். கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மே 18

கிழித்துப் போட்ட அட்டையில் இருந்த போன் நம்பர் மனப்பாடமாகிவிட்டது. என்ன மூளையோ.

ஜூலை 1

அண்ணன் வந்தார். வழக்கு முடிந்து தண்டனை விழுந்ததும் விவாகரத்து தானாகக் கிடைத்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியகுளத்தில் ஒரு மாப்பிள்ளையாம், முதல் மனைவி இறந்தவராம். என்னைக் கேட்காமலே பேச்சை ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்காமல் ஆரம்பிப்பது அவருக்குப் பழக்கம். தெய்வேந்திரனையும் அப்படித்தான் பார்த்தார்.

ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே கேட்டேன். "அண்ணே, அவன் வெட்டலைன்னு ஒருவேள தெரிய வந்தா?"

"தெரிய வராது."

"வந்தா?"

"வரக் கூடாது" என்றார். என் கையைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆகஸ்ட் 11

பவுன்தாய் கடைக்கு வந்தாள்.

யாரென்று எனக்கு முதலில் தெரியவில்லை. நாவல்பட்டியில் பார்த்தபோது வாட்டசாட்டமாக இருந்தாள், இப்போது சேலைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தூக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை வேண்டும் என்றாள். நான் நிமிர்ந்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் அவனால கெட்டவதானத்தா. ஒம்மேல எனக்கு என்ன கோவம்?"

உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். நான் எதையும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கரண்டு போயிருந்தது. புருஷனைக் காணோமே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனாள். திராட்சைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் சத்தம். டார்ச்சை அடித்தபோது ஒருவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு குனிந்து நின்றான். இவள் கத்தினாள். அவன் பந்தலுக்குள் புகுந்து ஓடினான்.

"மூஞ்சியப் பாத்தீங்களாக்கா?"

"மூஞ்சியப் பாக்கணுமா? அவன் ஓடுற ஓட்டம் எனக்குத் தெரியாதா? அதுக்கு முந்துன வாரம்தான் எங்க வாசல்ல வந்து நின்னு, 'ஒன்ன வெட்டாம விட மாட்டேன்டா'ன்னு எம்புருசங்கிட்டச் சொல்லிட்டுப் போனான். அந்த மூஞ்சிதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. கண்ண மூடுனா அதுதான். அதுக்குத்தான் இந்த மாத்திர."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மாத்திரை கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12

வழுக்கவில்லை.

ஆகஸ்ட் 13

எழுதிவிடுகிறேன். எழுதினால் தீரும் என்றெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும்.

பிப்ரவரி பத்தொன்பது. கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். விவாகரத்து மனுவை வாபஸ் வாங்கு என்றான். முதலில் கெஞ்சினான், பிறகு அதட்டினான். அவனுக்கு எப்போதுமே அந்த வரிசைதான். நான் அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். போனைப் பிடுங்கினான், நான் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினான். சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் அவன்தான் பயந்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சுவரோரமாக உட்கார்ந்து, "வேணும்னு செய்யலடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் ஏழு மணிப் பாட்டு போட்டார்கள். நான் எழுந்து செருப்பைப் போட்டேன். "யாருட்டயும் சொல்லாத" என்றான். அப்புறம்தான் போனான். இங்கிருந்து நாவல்பட்டிக்கு எப்படிப் பறந்தாலும் ஒரு மணி நேரம்.

யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொல்லாதே என்றதற்காக இல்லை. இரண்டு வருடம் தனியாக இருந்து, வேலைக்குப் போய், நான் தப்பித்துவிட்டேன் என்று எல்லாரிடமும் மார்தட்டியிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே வந்து ஒடித்துவிட்டுப் போனான் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகஸ்ட் 24

சில நாட்களாக ஒரே யோசனை. அவன் கொலைகாரனாக உள்ளே போனால் ஊருக்கு அவன் கொலைகாரன். சுருளிவேலுக்குச் செய்யாததற்காகத் தண்டனை. எனக்குச் செய்ததற்கு? அது நடக்கவே இல்லை என்றாகிவிடும். அந்த நேரத்தில் அவன் நாவல்பட்டியில் இருந்தான் என்று நீதிமன்றமே எழுதிவிடும். அப்படியானால் என் கையை யார் ஒடித்தது? குளியலறைத் தரை.

அவன் மேல் இரக்கம் கிடையாது. ஒரு துளி கிடையாது. நான் அவனை விடுவதாக இல்லை, அவ்வளவுதான்.

வக்கீலைக் கூப்பிட்டேன்.

செப்டம்பர் 6

உத்தமபாளையத்தில் அவள் அலுவலகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஹராஜ் பேகம் பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க சொல்றதச் சொன்னா, அவர் பொண்டாட்டிய அடிக்கிறவர்னு கோர்ட்லயே பதிவாகும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அவர் இதுக்குச் சம்மதிக்கணும்."

"அவன் சம்மதம் யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்மா. அவர் என் கட்சிக்காரர்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொண்ணா நான் நினைக்கிறது வேற. அத இந்த மேசைல வைக்க முடியாது."

செப்டம்பர் 15

குருவம்மாள் மறுபடி வந்தாள். மகன் சொல்லியனுப்பியிருக்கிறான். "பேச வந்தான், காப்பி குடிச்சான், போனான்னு மட்டும் சொன்னாப் போதுமாம். மத்தது எதுக்கு ஊரறியச் சொல்லணும்னு கேக்குறான்."

"முழுசாச் சொல்வேன். இல்லன்னா வரவே மாட்டேன்னு சொல்லுங்க அத்தை. அவனே முடிவு பண்ணட்டும்."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள். ஆயுள் தண்டனைக்கும் மானத்துக்கும் நடுவே மகன் தடுமாறுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன்.

செப்டம்பர் 29

சம்மதித்துவிட்டானாம்.

அக்டோபர் 7

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கைய ஒடிச்சவன வெளிய கொண்டாரப் போறியா?"

"அவன் வெட்டலண்ணே."

"வெட்டாட்டி என்ன? வெட்டக்கூடிய ஆளுதான?"

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும். ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். அண்ணி உள்ளேயிருந்து வரவே இல்லை.

ஜனவரி 23

விசாரணை தொடங்கிவிட்டது. பேப்பரின் தேனிப் பதிப்பில் செய்தி: "கொலையாளியின் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகப் பார்த்தேன். நெற்றித் தழும்பு கூடத் தெரிந்தது. நீதிமன்றத்தில் மனைவி கதறல்."

ஆகஸ்டில் அவளுக்கு முகமே தேவைப்படவில்லை. இப்போது தழும்பு வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்கிறாள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டவள் நான். கண்ணை மூடும்போதெல்லாம் வருகிற முகத்தை அந்தத் துண்டுக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பார்த்து, இப்போது அது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 27

இன்று என் முறை.

காலையில் நீலச் சேலை கட்டினேன். பேருந்தில் நின்றுகொண்டே போனேன். கோர்ட் வராந்தாவில் நாவல்பட்டி ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். நான் கடந்துபோகும்போது யாரோ காறித் துப்பினார்கள். பவுன்தாய் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் யார் பக்கத்துச் சாட்சி என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சவளேன்னு... இல்ல, நான்தான் ஒங்கையால வாங்கிக் குடிச்சேன். அத வாந்தி எடுக்கணும்டி இப்ப."

போலீஸ்காரர் அவளை விலக்கினார்.

கூண்டில் ஏறினேன். எதிரே அவன். இளைத்திருந்தான், தாடி. பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெஹராஜ் பேகம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். படியில் உட்கார்ந்திருந்தது, போனைப் பிடுங்கியது, முறுக்கியது, கோயில் பாட்டு. எல்லாவற்றையும் சொன்னேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அதில் எனக்குக் கர்வம்.

பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

"டாக்டர்கிட்ட என்னம்மா சொன்னீங்க?"

"வழுக்கி விழுந்தேன்னு."

"அது பொய்யா?"

"பொய்."

"கடைல?"

"அதேதான் சொன்னேன். பொய்."

"உங்க சொந்த அண்ணன்கிட்ட?"

"பொய்."

"அப்ப ஊர்ல அத்தன பேருகிட்டயும் பொய் சொன்ன நீங்க, இந்தக் கூண்டுல மட்டும் உண்மை சொல்றீங்க. அப்படித்தான?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அப்படித்தான்" என்றேன்.

"எவ்வளவு அடிச்சாலும் புருஷன விட்டுக்கொடுக்க மாட்டாங்க நம்ம ஊர்ப் பொண்ணுங்க. நீங்களும் அவரக் காப்பாத்தத்தான் வந்திருக்கீங்க."

"காப்பாத்தணும்னா காப்பி குடிச்சான், போனான்னு சொல்லியிருப்பேன் சார். அதச் சொல்லச் சொல்லி ஆளும் அனுப்புனாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"கை ஒடிஞ்சது உண்மையாவே இருக்கட்டும். ஒடிச்சது இவர்தான்னு யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீங்க ஒருத்தர்தான?"

"பவுன்தாய் அக்காவும் ஒருத்தர்தான் சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று.

"வெக்கமா இருந்துச்சுங்கய்யா" என்றேன்.

அப்போதுதான் குரல் உடைந்தது. அந்த இடத்தில் போய் உடைந்தது.

மார்ச் 3

எலும்பு டாக்டரும் சாட்சி சொல்லியிருக்கிறார். அன்று நான் ஏழரை மணி வாக்கில் வந்ததையும், முறுக்கியதால் ஒடிந்த எலும்பையும், விரல் தடத்தையும் சொன்னாராம். யார் செய்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாராம்.

மார்ச் 8

கடை ஷட்டரில் யாரோ தாரால் எழுதியிருக்கிறார்கள். எழுத முடியாத வார்த்தை. முதலாளி என்னைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு லீவு எடுத்துக்கம்மா" என்றார். மண்ணெண்ணெய் வாங்கி வந்து, தேய்த்து அழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பாதி எழுத்து இன்னும் தெரிகிறது.

ஏப்ரல் 24

விடுதலை.

நீதிபதி பவுன்தாயைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அவள் உண்மையென்று நம்பியதைத்தான் சொன்னாள் என்றார். ஆனால் சம்பவத்தன்று போலீசிடம் தலையில் துண்டு கட்டிய ஒருவன் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறாள். முகமும் தழும்பும் பின்னால் வந்தவை. இருட்டு, பதற்றம், முன்பகை, இவை மூன்றும் ஒரு கண்ணை ஏமாற்றப் போதும் என்றார். மறுபக்கம், கணவன் உள்ளே போவதையே விரும்பக்கூடிய ஒருத்தி, தனக்கு அவமானம் வருகிற விதத்தில் சாட்சி சொல்லியிருக்கிறாள், டாக்டர் சொன்னதும் அதோடு பொருந்துகிறது, அதை ஒதுக்கித் தள்ள முடியாது என்றார். அதனால் சந்தேகத்தின் பலன்.

வெளியே குருவம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவளை விலக்கிவிட்டு என்னிடம் வந்தான். கைகூப்பினான்.

"ஒன்ன மறக்க மாட்டேன் ஜெயக்கொடி. எல்லாம் போகட்டும். வீட்டுக்கு வா."

அவன் பார்வை என் கை மேல் ஒரு தடவைகூடப் படவில்லை. திரும்பி நடந்தேன். வாசலில் பவுன்தாய் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எம்புருசன யாருடி வெட்டுனது? சொல்லிட்டுப் போடி. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

எனக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது. ஒரு முகம் கிடைத்ததும் அவர்கள் வேறு யாரையும் தேடவே இல்லை.

மே 16

தீர்ப்பு நகல் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மெஹராஜ் பேகத்திடம் போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன்.

"நான் வர முடியாதும்மா. அவர் என் கட்சிக்காரரா இருந்தவர். இதப் பத்தி எங்கிட்டப் பேசவும் கூடாது."

"ஒங்களக் கூப்பிட வரல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். முதல் தடவையாக அவளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

மே 18

காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் மனுவைப் பாதி படித்துவிட்டு மேசையில் போட்டார்.

"எங்க கொலக்கேசக் கெடுத்துவிட்டுட்டு, அதே ஆளு மேல எங்ககிட்டயே புகார் குடுக்க வர்றியா? வெளையாட்டா இருக்கா ஒனக்கு?"

"கைய முறுக்கி ஒடிச்சதுக்கு வழக்குப் போடுங்க சார். அன்னைக்கு என் வீட்டுலதான் இருந்தேன்னு அவனே கோர்ட்ல சொல்லியிருக்கான்."

"ஒரு வருசம் கழிச்சா?"

"இப்பத்தான சார் அவன் அங்க இருந்தான்னு எல்லாரும் நம்புறீங்க."

ரசீது தர மாட்டேன் என்றார். எழுந்துபோகச் சொன்னார். போகவில்லை. வெயில் தாழும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நாளை எஸ்.பி. அலுவலகம்.

ஜூன் 11

வழக்குப் பதிந்துவிட்டார்கள்.

ஜூன் 13

குருவம்மாள். இந்தத் தடவை படியேறவில்லை, தெருவில் நின்றே கத்தினாள். "காப்பாத்துற மாதிரிக் காப்பாத்தி இப்பக் கழுத்தறுக்கிறியே! அன்னைக்கே தூக்குல போடச் சொல்லியிருக்கலாமேடி!" அக்கம்பக்கத்தார் ஜன்னல்களைத் திறந்தார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடைசித் துணி வரைக்கும் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவள் போவதற்கு முன் குரல் ஒரு தடவை இறங்கியது. "எனக்கும்தான் ஒடிச்சான் அவன் அப்பன். நான் யாருட்டச் சொன்னேன்?"



நவம்பர் 19

மாஜிஸ்திரேட் கோர்ட். அவனுக்குப் புது வக்கீல், சின்னப் பையன், வேகமாகப் பேசுகிறவன். என் கட்சிக்காரர் அன்று மாலை சின்னமனூர்ப் பக்கமே போகவில்லை என்று ஆரம்பித்தான். மாஜிஸ்திரேட் ஒரு பெண். தீர்ப்பு நகலைப் புரட்டிவிட்டு வக்கீலை உட்காரச் சொன்னார். நேராக அவனைக் கேட்டார்.

"கொலை வழக்கில், அந்த நேரத்தில் மனைவி வீட்டில் இருந்ததாகச் சொல்லித்தான் விடுதலை ஆகியிருக்கிறீர்கள். இப்போது இல்லை என்கிறார் உங்கள் வக்கீல். இருந்தீர்களா, இல்லையா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். குருவம்மாளைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான், முதன்முதலாக என் கையையும். இல்லை என்றால் கொலை நடந்த நாவல்பட்டிப் பாதையில் போய் நிற்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.

"இருந்தேன்" என்றான்.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"அங்கதாங்கம்மா இருந்தேன். நான்தான் முறுக்குனேன்."

திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கடைசி பெஞ்சில் பவுன்தாய். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவன் வாயால் கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

இரண்டு வருடம் தண்டனை. அப்பீலுக்குப் போவானாம். போகட்டும்.

பேருந்து நிலையத்தில் பவுன்தாய் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அவன் பொய் சொல்லலன்னு தெரியுது. எனக்குக் காது இருக்குல்ல. ஆனா இப்பவும் கண்ண மூடுனா அங்க நிக்கிறது அவன்தான். துண்டோட, அரிவாளோட. நான் என்னடி பண்ண?"

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை, எதற்கென்று கேட்பது?

கம்பம் பேருந்து வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பேருந்து. அவள் முன்வாசல் வழியாக ஏறினாள். நான் பின்வாசல் வழியாக ஏறினேன்.